அப்பா இலை பார்க்கக் கூட்டிப்போன ஞாயிறு

எங்கள் அப்பாவுக்கு உதிர்ந்த இலை என்றால் குப்பை. ஹரோவில் எங்கள் வீட்டுக்கு முன்னால் நின்ற மரம் ஆண்டுதோறும் குளிர் தொடங்கும்போது இலையைக் கொட்டித் தீர்க்கும். அப்பா ஷிப்ட் முடிந்து வந்த களைப்போடு அதைக் கூட்டி அள்ளுவார். மரத்தை நட்ட கவுன்சிலுக்கும் வாய் நிறையத் திட்டு விழும். அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிறு காலையில், ரயிலேறி இலை பார்க்கப் போவோம் என்று சொன்னால் யார்தான் நம்புவது? நான் நம்பினேன். எனக்கு அப்போது ஏழு வயது. ரயிலில் ஏற்றுவதாகச் சொன்னால் எதையும் நம்புவேன்.

உண்மையில் அன்று நாங்கள் கோயிலுக்குப் போவதாக இருந்தது. சின்ன மாமாவின் பிறந்த நட்சத்திரம். சின்ன மாமா அம்மாவின் ஒரே தம்பி, அம்மா இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அவர் யாழ்ப்பாணத்தில் இருந்தார். அங்கே மறுபடியும் சண்டை மூண்டதில் பல வாரங்களாக அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அவர் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்தால்தான் மனம் ஆறும் என்று அம்மா தேங்காய், பழம், வெற்றிலை எல்லாம் வாங்கித் தயாராக வைத்திருந்தார். அப்போது என் தங்கை அம்மாவின் வயிற்றில் இருந்தாள். அதற்கு முன்னர் உண்டான பிள்ளை தங்காமல் போயிருந்ததால் வீட்டில் எல்லோருக்கும் உள்ளூரப் பயம்.

அம்மா குளித்துக்கொண்டிருந்தபோது டெலிபோன் அடித்தது. கொழும்பிலிருந்து அப்பாவின் சிநேகிதர். ஷெல் விழுந்து சின்ன மாமா செத்துப்போனார் என்பதுதான் செய்தி. இதெல்லாம் நான் பிற்பாடு கேட்டறிந்தது. அப்பா உடனே நியூகாசிலில் டாக்டராக இருந்த பெரிய மாமாவை அழைத்துப் பேசினார். பிள்ளைத்தாய்ச்சியிடம் தனியாகச் சொல்ல வேண்டாம், மாலைக்குள் காரில் வந்துவிடுவேன், நான் பக்கத்தில் இருக்கும்போது சொல்லலாம் என்றாராம் அவர். அப்பா ரிசீவரைக் கீழே எடுத்து வைத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்ததை மட்டும்தான் நான் கண்டேன்.

மாலைவரை அம்மாவுக்குத் தெரியக் கூடாது. வீட்டில் இருந்தால் முடியாது. எங்கள் சனத்துக்கு இழவுச் செய்தி எட்டினால் வாசலிலேயே ஒப்பாரி தொடங்கிவிடும். கோயிலுக்கும் போக முடியாது. தம்பி செத்த துடக்கோடு, அந்தத் தீட்டோடு, அக்கா கோயில் படி ஏறுவதா? ஏறி, செத்தவரின் பெயரையும் நட்சத்திரத்தையும் ஐயரிடம் சொல்லி நீண்ட ஆயுள் கேட்பதா? அப்பாவோடு வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர், மெட்ரோபொலிட்டன் ரயில் லைனின் கடைசிக்குப் போனால் இலையெல்லாம் நிறம் மாறிக் காடு முழுக்கத் தீப்பிடித்த மாதிரி இருக்கும் என்று சொல்லியிருந்தது அவருக்கு அந்த நேரத்தில் கைகொடுத்தது.

"இலை பாக்கவோ?" என்று அம்மா சிரித்தார். "எங்கடை வாசலிலை கிடக்கிறது காணாதே உங்களுக்கு?"

"இண்டைக்கு விட்டா எல்லாம் கொட்டுண்டு போயிடுமாம். கோயில் எங்கை ஓடுது? அடுத்த கிழமை போவம்."

அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் அப்பா வாய் திறந்து வெளியே கூப்பிடுவது அபூர்வம் என்பதால் சீக்கிரமே இறங்கிவந்தார். "கோயில் இல்லையெண்டா ரோல்ஸைப் பொரிச்சுக் கொண்டு வாறன்" என்று, மறுநாளுக்கென்று செய்து வைத்திருந்த ஆட்டிறைச்சி ரோல்ஸை எடுத்து அடுப்படிக்குப் போனார். அப்பா வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்துப் பிறகு பேசாமல் இருந்துவிட்டார்.

வழியில் ஒரு சின்ன ரயிலுக்கு மாறினோம். அது ஒற்றைத் தண்டவாளத்தில் மரங்களுக்கு நடுவே உரசுவது போலப் போனது. வெள்ளைக்காரர் பொய் சொல்லவில்லை. மஞ்சளும் செம்மஞ்சளும் ஊதா கலந்த சிவப்புமாக இரண்டு பக்கமும் எரிந்தன. அம்மா ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தார். அம்மாவை அவ்வளவு சந்தோஷமாக நான் அதிகம் கண்டதில்லை. அப்பா இலையைப் பார்க்கவே இல்லை, அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி ஸ்டேஷனான செஷமில் இறங்கி, அம்மாவால் ஏலுமான தூரத்துக்கு மரங்களுக்குக் கீழே நடந்தோம். அம்மாவால் குனிய முடியவில்லை. ஆகவே இன்ன இலை என்று விரலால் காட்டினார்; அப்பா குனிந்து பொறுக்கிக் கைக்குட்டையில் வைத்தார்.

"அவன் இப்பிடிச் சிவப்பு இலை கண்டிருக்க மாட்டான்" என்றார் அம்மா. "தபால் போகத் தொடங்கினவுடனை அனுப்புவம். அதில்லையப்பா, ஓட்டை விழாததாப் பாத்து எடுங்கோ."

அப்பா ஓட்டை விழாததாகப் பார்த்து எடுத்தார். செத்துப்போன மைத்துனனுக்காக அந்த மனிதர் ஈர மண்ணில் ஒவ்வோர் இலையாகப் புரட்டிப் பார்த்தபோது அவர் முதுகு குலுங்கியது. அன்றைக்கு, தும்முகிறார் என்று நினைத்தேன்.

திரும்பும் ரயிலில் ஏறி உட்கார்ந்தோம். புறப்பட இன்னும் நேரம் இருந்தது; பெட்டியில் வேறு யாருமில்லை. அம்மா ரோல்ஸ் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் அப்பாவுக்கும் ஒவ்வொன்று தந்தார். ரோல்ஸ் என்றால் சூடு ஆறும்வரைகூடப் பொறுக்காத அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு வயிறு சரியில்லை என்று பொட்டலத்தில் திரும்ப வைத்துவிட்டு ஒரு வாழைப்பழத்தை உரித்தார். காலையிலிருந்து பொய்க்கு மேல் பொய்யாக அடுக்கியவருக்கு, சாவு விழுந்த அன்று இறைச்சியை வாயில் வைக்க மட்டும் மனம் வரவில்லை.

எங்கள் ஆட்களுக்கு அது போதும். கோயிலுக்குப் போகிற நாளில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, சாப்பிட மாட்டோம். மச்சம் சாப்பிட்டால் கோயிலுக்குப் போக மாட்டோம். கோயிலையும் விட்டு மச்சத்தையும் விட்டால் அது செத்த வீடு. அம்மா அப்பாவின் கையிலிருந்த பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான் பாதி கடித்திருந்த ரோல்ஸை என் கையிலிருந்து வாங்கிப் பொட்டலத்தில் வைத்துச் சுற்றினார். நான் கோபத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஆர்?" என்று அம்மா கேட்டது காதில் விழுந்தது.

அப்பாவின் பக்கம் கைக்குட்டைக்குள் இலைகள் சரசரத்தன.

"தம்பியோ?"

வீட்டில் அம்மா என்னையும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். கூப்பிட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் போல 'வாட்' என்று கேட்கக் கூடாது, ஆமாம் என்பதற்கு எங்கள் ஊரில் சொல்கிற 'ஓம்' என்பதையே மரியாதையாகச் சொல்ல வேண்டும் என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்திருந்தது. ரோல்ஸைத் திருப்பித் தரத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். நல்ல பிள்ளையாகத் திரும்பி, அம்மாவின் முகத்தைப் பார்த்து, "ஓம்" என்றேன்.