சிட்டு வராத நாள்

கணக்கு டீச்சரின் வகுப்பில் குண்டூசி விழுந்தால்கூடக் கேட்கும். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் ஓட்டினார். வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பித்தால் கெட்டிக்காரப் பிள்ளை, விரல்விட்டு எண்ணினால் மக்கு. அவருக்குத் தெரிந்த கல்வி அவ்வளவுதான்.

ஐந்தாம் வகுப்பில் தையற்காரம்மாவின் மகள் படித்தாள். சிட்டு என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பின்னக் கணக்கு என்றாலே பேந்தப் பேந்த விழிப்பாள். ஆனால் ஒருநாள் லீவு போட்டதில்லை. டீச்சரின் நோட்டுக் கட்டைச் சுமக்க முதல் ஆளாக ஓடிவருவாள்.

அதிகாரி பார்வையிட வரும் நாளில் மக்குகளை வீட்டில் நிறுத்திவிடுவது அந்தப் பள்ளியில் வழக்கம். எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. முதல்நாள் சாயங்காலம் டீச்சர் சிட்டுவைக் கூப்பிட்டு, "நாளைக்கு நீ வராதே, என்ன?" என்றார். எப்படித்தான் நாக்கு வந்ததோ! அவள் தலையாட்டிவிட்டு, நோட்டுக் கட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அதிகாரி வந்தார், வகுப்பைப் பாராட்டினார், போனார். அதற்குப்பின் ஒரு வாரமாகியும் சிட்டு வரவில்லை. மனசு கேட்காமல் டீச்சர் தையல் கடைக்கே போனார்.

தாய் மிஷினில் குனிந்திருந்தாள். சிட்டு ஸ்டூல் மேல் நின்று, வெட்டும் மேசையில் துணியை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"மார்புச் சுற்றளவு முப்பத்தி நாலரை இஞ்சுடி," என்றாள் தாய்.

"அப்ப ஒரு மடிப்புக்கு எட்டரை, அதுக்கு மேல ஒரு அரைக்கால்," என்று சிட்டு கோடு போட்டாள். விரல்கூட விடவில்லை.

டீச்சர் மனசுக்குள் போட்டுப் பார்த்தார். அவருக்குத்தான் நேரமானது. விடை சரி.

"பின்னம் வராதுன்னியே, இது என்னடி?"

"இது கணக்கா டீச்சர்? இது சட்டை."

டீச்சர் மேசைப் பக்கம் போனார். "நாளைக்கு வாடி தங்கம்."

"நானும் கெஞ்சிப் பாத்துட்டேன் டீச்சர், அசைய மாட்டேங்கிறா," என்றாள் தாய்.

"ஏண்டி? என்மேல கோவமா?"

"இல்ல டீச்சர்." சிட்டு டேப்பைச் சுருட்டினாள். "நான் வராத அன்னிக்குத்தானே ஆபீசர் வகுப்பு நல்லா இருக்குன்னு சொன்னாரு?"

அவள் குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை. அதுதான் டீச்சரை அறுத்தது.

மறுநாளே டீச்சர் டேப்பும் துண்டுத் துணிகளும் வாங்கி வகுப்புக்குக் கொண்டுபோனார். பிள்ளைகள் மடித்தார்கள், அளந்தார்கள், விரல்விட்டு எண்ணினார்கள், சந்தைக்கடையாகச் சத்தம் போட்டார்கள். அடுத்த முறை அதிகாரி வந்தபோது ஒருவரையும் வீட்டில் நிறுத்தவில்லை. வகுப்பு சுமார் என்று எழுதிவிட்டுப் போனார் அதிகாரி.

சிட்டு மட்டும் கடைசிவரை வரவேயில்லை. நோட்டுக் கட்டைச் சுமக்க எத்தனையோ பிள்ளைகள் ஓடிவந்தார்கள். டீச்சர் யாரிடமும் கொடுக்காமல் தானே சுமந்தார்.