பக்கத்துக் காட்டுக்காரர் சம்மதித்தார்

காலை ஒன்பது நாற்பது. கைப்பேசியில் முதலில் கண்ணில் பட்டது, பத்தரை மணிக்கு நடக்கவிருந்த கூட்டத்தைப் பற்றிய செய்திக்குறிப்பு. "விவசாயிகள் மனமுவந்து சம்மதம்" என்று தலைப்பும் போட்டிருந்தது.

ராயக்கோட்டை அருகே இரண்டாவது ஆலைக்கு நிலம் கேட்டு ஒரு தனியார் நிறுவனம் கூட்டிய கூட்டம் அது. குறிப்பை அனுப்பியவர் அதன் மக்கள் தொடர்பு அதிகாரி. முன்பு எங்கள் நாளிதழில் என்னோடு நிருபராக இருந்தவர். கூட்டம் நடக்கும் இடத்துக்குப் போனதும் அவரைப் பிடித்தேன்.

"என்னண்ணா, கூட்டமே இன்னும் நடக்கல."

"நடந்தா மட்டும் வேற எழுதிடுவியா? டீ குடி."

தான் படித்த பாடத்தை அங்கேயே நடத்தினார். முதல் உலகப் போருக்கு ஆளும் பணமும் சேர்க்க வெள்ளைக்கார அரசு வைத்த பிரசாரக் குழுதான் இந்தத் தொழிலுக்கு இங்கே முன்னோடியாம்.

"மிரட்டி வாங்க அவனுக்குத் தெரியாதா? பக்கத்து ஊர்க்காரன் குடுத்துட்டான்னு நோட்டீஸ் அடிச்சா மிரட்டவே வேணாம்ப்பா."

தக்காளி விவசாயிகள் பத்தரை மணிக்கு மண்டியில் இருப்பார்கள். நேரம் குறித்தவருக்கு அது தெரியும். நிலக்காரர்களில் வந்தவர் ஒரே ஒரு பெண், ஒன்றரை ஏக்கர்க்காரர். அவரும் பக்கத்துக் காட்டுக்காரர்கள் மூவரும் யாரும் தனியாக விற்பதில்லை என்று பேசி வைத்திருந்தார்கள். அவர் கையைத் தூக்கி, "குடுக்கறதில்லைங்க" என்று தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை சொன்னார். அந்தக் கையோடு படம் எடுத்தேன். அவர் மறுத்ததை எழுதி அனுப்பினேன்.

மறுநாள் எங்கள் நாளிதழில் வந்த படம் என்னுடையது; செய்தி அந்த ஆலைக்காரர்கள் அனுப்பிய குறிப்பு. "கை உயர்த்திச் சம்மதம் தெரிவிக்கும் விவசாயி." கீழே அதே நிறுவனத்தின் அரைப்பக்க விளம்பரம். திருத்தம் கேட்டேன். இடமில்லை என்றார்கள்.

மதியம் அந்தப் பெண் அழைத்தார். "எதிர்ல நின்னுதான சார் எடுத்தீங்க? காது கேக்கலையா?"

"எழுதினேம்மா. அவங்க போடல."

"அத எங்கிட்ட சொல்லி என்ன? நான் மொதல்ல வெல பேசிட்டேன்னு மூணு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. அவங்ககிட்ட வந்து சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். மூவரில் மூத்தவர் பேப்பரை விரித்து, படத்தின் ஓரத்தில் இருந்த என் பெயரில் விரலை வைத்தார்.

"இது நீதான? அப்போ பேப்பர்ல போட்டது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?"

அந்த வாரமே மூவரும் நிலத்தை விற்கக் கையெழுத்துப் போட்டார்கள்.

இப்போது அந்த ஒன்றரை ஏக்கருக்கு மூன்று பக்கம் ஆலையின் மதில். நான்காவது பக்கம் பாறை.