மூணு லோடு சாமுவேல்

லாரி ஓட்டுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. அதை வழியில் ஏன் நிறுத்தினோம் என்று பதில் சொல்வதுதான் வித்தை. நாற்பதுக்கு மேல் வேலை மாறி, தன்னைவிடச் சின்னவர்களிடம் டோஸ் வாங்கிக்கொண்டிருக்கும் என் சகோதரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

பதினோரு வருஷம் கல்பாக்கம் பக்கம் ஒரு பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினேன். காலை ஏழே முக்காலுக்கு முதல் ஸ்டாப், மாலை நாலரைக்கு வீடு. போன வருஷம் பள்ளிக்கூடம் பேருந்துகளை ஒரு ஏஜென்சிக்கு விட்டது. ஏஜென்சி தன் டிரைவர்களையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. நாலு மாதம் சும்மா இருந்து பார்த்தேன். சும்மா இருப்பது எனக்கு வரவில்லை. ஹெவி லைசென்ஸ் இருக்கிற தைரியத்தில் சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு லாரி ஆபீஸ் படியேறினேன். ஓனர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வயதைக் கேட்டார். நாற்பத்து நாலு என்றேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "மூணு லோடு பாக்கறேன். அதுக்குள்ள டைமுக்குப் போய்ச் சேர கத்துகினா வண்டி உன்னுது. இல்லனா சாவிய வெச்சுட்டு வூட்டுக்குப் போய்க்கினே இரு."

எல்லாரும் உட்காருங்க

முதல் லோடு டயர். ஒரகடத்தில் ஏற்றி நாக்பூரில் இறக்க வேண்டும். என்னோடு இரண்டாவது டிரைவராக வந்தவர் கன்னியப்பன். மதுராந்தகத்துக்காரர், என்னைவிட ஐந்து வயது சின்னவர், லாரியில் பத்து வருஷ அனுபவம். வாய் மட்டும் இருபது வருஷ அனுபவம்.

பள்ளிப் பேருந்தில் பிரேக் போடும் முன் இரண்டு வேலை செய்ய வேண்டும். உள்ளே இருக்கும் பெரிய கண்ணாடியில் குழந்தைகளைப் பார்க்க வேண்டும். நிற்கிற பிள்ளையை உட்காரச் சொல்ல வேண்டும். லாரியில் உள்கண்ணாடிக்கு வேலையே இல்லை என்பது எனக்குத் தெரியும். என் கழுத்துக்குத் தெரியவில்லை. தச்சூர் தாண்டி ஒரு மாடு குறுக்கே வந்தது. நான் தலையைத் தூக்கி, இல்லாத கண்ணாடியைப் பார்த்து, "எல்லாரும் உட்காருங்க!" என்று கத்திவிட்டுத்தான் பிரேக்கை மிதித்தேன். மாடு பிழைத்தது. கன்னியப்பன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அண்ணாத்த, பின்னாடி கீறது டயரு. அது எழுந்துலாம் நிக்காது."

ஏழே முக்கால்

மறுநாள் காலை ஆந்திராவில், காவலி தாண்டி ஓர் ஊர். கன்னியப்பன் படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்தார். சாலையோரம் ஏழெட்டுப் பிள்ளைகள் யூனிபார்மில், பையை மாட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். மணி சரியாக ஏழே முக்கால். பிறகு நடந்தது எதற்கும் நான் பொறுப்பில்லை. கை இண்டிகேட்டரைப் போட்டது, கால் பிரேக்கை மிதித்தது, பதினாலு சக்கர வண்டி ஓரம்கட்டி அவர்கள் முன்னால் சாதுவாக நின்றது. பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரனிலேயே என் குலத்தை விசாரித்தன.

பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். நான் குனிந்து பார்த்தேன். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சின்னப் பெண் மட்டும் முன்னால் வந்து, சக்கரங்களை ஒரு தடவை எண்ணுகிற மாதிரி பார்த்தாள். தெலுங்கு தெரியாத எனக்கும் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாக, எனக்கு மனசு கஷ்டப்படக்கூடாது என்கிற பாவனையில் சொன்னாள்: "அங்கிள், இதி மா பஸ்ஸு காது." இது அவர்கள் பஸ் இல்லையாம்.

நீலப் புள்ளி

ஓனர் போனில் என் வண்டி ஒரு நீலப் புள்ளி. புள்ளி நகர்ந்தால் அவருக்குச் சந்தோஷம், நின்றால் போன். எனக்கோ நிற்பதுதான் பழக்கம். ஸ்பீட் பிரேக்கருக்கு நிற்பேன். பாட்டி, தாத்தா யார் ரோட்டைக் கடந்தாலும் நிற்பேன். ஒரு குடோனுக்குப் போகும் வழியில் ரயில்வே கேட் வந்தது. கேட் திறந்துதான் இருந்தது. நான் வண்டியை நிறுத்தி, இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, ரயில் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு ஏறினேன். பள்ளிப் பேருந்தில் அதுதான் சட்டம். கேட் கீப்பர் தன் வேலைக்கு யாரோ போட்டிக்கு வந்துவிட்டார்களோ என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் லோடு ஒரு நாள் லேட். இரண்டாவது லோடு வாஷிங் மெஷின், ஐதராபாத்துக்கு, அது அரை நாள் லேட். மிச்சம் ஒரே ஒரு லோடு. ஓனர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் உண்மையான அக்கறையோடு கேட்டார்: "இன்னா சாமு, ஒரு நாள்ல பதினேழு தபா நின்னு கீது. வண்டிக்கு எதுனா வயித்தால போவுதா?"

வீட்டுக்கு வந்த லாரிக்காரன்

இரண்டாவது லோடு முடிந்து, செங்கல்பட்டில் இறங்கி, வீட்டுக்கு வந்தேன். பதினைந்து நாள் கழித்து மனைவி ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்க்கிறேன். சாப்பிட்டதும் பழக்கதோஷத்தில் பாட்டிலை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்க் கை கழுவினேன். வீட்டுக்குள் இரண்டு குழாய் இருக்கிறது.  அவள் என் தட்டை எடுத்துப் போய், அதில் ஒன்றைத் திறந்து கழுவினாள்.

அவளும் வேலைக்குப் போகிறவள்தான், ஒரு ஏற்றுமதி கம்பெனியில் தையல். பதினோரு வருஷமாக அவள் வருவதற்கு முன் நான் வீட்டில் இருப்பேன். "சீக்கிரம் வந்து டிவி எதிர்ல குந்திக்கிறியே, வெளியிலதான் போயேன்" என்று திட்டாத நாள் கிடையாது. அன்று ராத்திரி நான், "மூணாவது லோடும் லேட்டானா அவ்வளவுதான் ஸ்டெல்லா. வீட்டுக்கே வந்துடுவேன், உனக்குச் சந்தோஷமா இருக்கும்" என்றேன். அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "நீ இல்லனா வேல வுட்டு வந்து நான் கதவத்தான் பாத்துகினு கீறேன், அது வேற விஷயம். ஆனா தோத்துட்டு வந்து என் எதிர்ல குந்தாத, அத என்னால பாக்க முடியாது."

யார் மெதுவாக ஓட்டுவது?

மூன்றாவது லோடு என்னைத் தேடிக்கொண்டு வந்தது என்றால் நம்ப மாட்டீர்கள். மாமல்லபுரத்திலிருந்து ஒரு ஸ்தபதி ஆபீசுக்கு வந்தார். அவர் பட்டறையில் ஆறடிப் பிள்ளையார் தயார். சத்தீஸ்கரில் ஓர் இரும்பாலை ஊரில், இரண்டு தலைமுறைக்கு முன் வேலைக்குப் போய்த் தங்கிவிட்ட தமிழர்கள் கட்டிய கோயிலுக்குப் போக வேண்டும். வியாழக்கிழமை விடியற்காலை பிரதிஷ்டை. ஸ்தபதி ஓனரைக்கூடப் பார்க்கவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்களைப் பார்த்து, "உங்கள்ல ரொம்ப ஸ்லோவா ஓட்டறவர் யாருங்க?" என்று கேட்டார். பதினோரு விரல் என்னை நோக்கி நீண்டது. டிரைவர்கள் பத்துப் பேர்தான், பதினோராவது ஓனர்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்ததும் சர்ச்சிலிருந்து நேராகப் பட்டறைக்குப் போனேன். வண்டியில் மணல் பரப்பி, அதன்மேல் வைக்கோல் அடுக்கி, கிரேனில் பிள்ளையாரைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். தும்பிக்கையைச் சுற்றிப் பழைய டியூப்.  "நான் வேதக்காரன் சார், எனக்கு இந்த முறையெல்லாம் தெரியாது. ஏதாவது தப்பாயிட்டா?" என்று கேட்டேன். ஸ்தபதி பிள்ளையாரின் முகத்தைத் தடவிக் காட்டினார். கண் இருக்கும் இடம் வழவழவென்று இருந்தது. கண்ணை அங்கே போய், கோயிலில் வைத்துத்தான் திறப்பார்களாம். அவர் ரயிலில் முன்னாலேயே போய்க் காத்திருப்பாராம். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கண்ணு தொறக்கற வரைக்கும் இது வெறும் கல்லுதாங்க. தைரியமா ஓட்டுங்க. பள்ளத்துல மட்டும் எறக்கிடாதீங்க, ஸ்டீரிங்க வேற யார்கிட்டயும் குடுத்துடாதீங்க."

கல் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்

ஸ்தபதிக்கு அது கல். வழியில் இருந்தவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. சாக்கு சுற்றியிருந்தாலும் தும்பிக்கை காட்டிக்கொடுத்துவிடும். டோல்கேட்டில் ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே வந்து கும்பிட்டாள். பேப்பர் கேட்க வந்த போலீஸ்காரர் கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பேப்பரை வாங்காமலே போனார். தெலங்கானாவில் ஒரு கிராமமே வண்டியை மறித்து, பதினாலு சக்கரத்துக்கும் மஞ்சள் தண்ணீர் ஊற்றியது. கன்னியப்பன் எங்கிருந்தோ விபூதி சம்பாதித்து, ஜன்னலில் உட்கார்ந்து எல்லாருக்கும் பூசிவிட்டுக்கொண்டிருந்தார். நீலப் புள்ளி நின்றுகொண்டே இருந்தது.  இது மூன்றாவது லோடு.

மூன்றாம் நாள் ஒரு பாலத்தில் வேலை. மண் ரோட்டில் இருபது கிலோமீட்டர் சுற்றச் சொன்னார்கள். பள்ளம் என்றால் அப்படி ஒரு பள்ளம். கன்னியப்பன் அழுத்தச் சொன்னார். நான் அழுத்தவில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பதினோரு வருஷத்தில் என் பேருந்து வேகமாகப் போனதேயில்லை, லேட்டாகவும் போனதேயில்லை. காரணம், மழை என்றால் அரை மணி முன்னால் எடுப்பேன். லாரிக்கு வந்ததும் மற்றவர்களைப் பார்த்து நன்றாக விடிந்த பிறகு கிளம்பி, என் வேகத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் எப்படிப் போய்ச் சேரும்? மறுநாள் விடியும்போதே வண்டியை எடுத்தேன். எங்களை ஒரு மாட்டு வண்டி முந்திக்கொண்டு போனதை மட்டும் கன்னியப்பனால் தாங்க முடியவில்லை: "பிள்ளையாரு அவரோட எலி மேலயே குந்திகினு கெளம்பியிருந்தா, இந்நேரம் போய் நாஸ்தா துன்னுகினு இருப்பாரு அண்ணாத்த."

தலையில் கட்டிய துணி

புதன்கிழமை மதியம் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். காலனி வாசலில் மேளம், நாதஸ்வரம், கூட்டம். இரும்பாலையில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற நடராஜன் என்பவர்தான் கோயில் தலைவர். அவரே கிரேனில் ஏறிப் பிள்ளையாரை இறக்கினார். ஸ்தபதி சாக்கைப் பிரித்து, விரல் விரலாகத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

நான் நழுவி, வண்டிப் பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். தட்டில் மாலையும் பட்டுத் துணியுமாக நடராஜன் என்னிடமே வந்தார். முதல் மரியாதையாம். கன்னியப்பனுக்குக் கட்டுங்கள் என்றேன். "ஸ்டீரிங்கையே தொட வுடல சார் இவரு, எனக்கு இன்னாத்துக்கு?" என்று கன்னியப்பன் என்னைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டார். எங்கள் ஊர்த் தேர் எங்கள் தெருவுக்குள் திரும்பாது. முனையோடு நேராகப் போய்விடும். என் அப்பா வாய்க்கால் ஓரம் நின்று தூரத்திலிருந்து தேரின் உச்சியை மட்டும் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். அப்புறம் நாங்கள் சர்ச்சுக்குப் போனோம். அதையெல்லாம் அந்தக் கூட்டத்தில் எப்படிச் சொல்ல? "ஐயா, என் பேரு சாமுவேல்" என்று மட்டும் சொன்னேன். அதில் எல்லாம் இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு பரிவட்டத்தை என் தலையில் சுற்றி, பின்னால் இறுக்கி முடிச்சுப் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சகோதரர்களே, மறைக்கவில்லை. மாலையைப் போட்டுக்கொண்டே அவர் சொன்னார்: "நாலு நாளா உங்க வண்டியிலதான் வந்தாரு, நடுவுல எங்கயும் எறங்கிக்கல. அவரே கேக்காத பேர நாங்க யாரு கேக்க?"

நாலாவது

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஓனர். புள்ளி இரண்டு மணி நேரமாக நகரவில்லையாம். "லோடு எறங்கிடுச்சு சார், ஒரு நாள் முன்னாலயே வந்துட்டோம். இப்ப மாலை போட்டுட்டு இருக்காங்க" என்றேன். "வண்டிக்கா?" என்றார். "இல்ல சார், எனக்கு" என்றேன்.  அவர் சொன்னார்: "அத அப்படியே போட்டோ புடிச்சு அனுப்பிட்டு கெளம்பி வா சாமு, நாலாவது லோடு உனக்காக நின்னுகினு கீது."

ஆக, நான் முழு லாரி டிரைவராகிவிட்டதற்கு ஒரே அத்தாட்சி, கல் லோடு கேட்டு வருகிறவர்களுக்குக் காட்ட ஓனர் ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும் அந்த மாலை போட்ட போட்டோதான். புதிதாகச் சேரும் டிரைவர்கள் அதைப் பார்த்து, பக்கத்திலேயே டீ குடித்துக்கொண்டிருக்கும் என்னிடமே, "பாவம், எந்த ரோட்டுல போனாரு?" என்று துக்கம் விசாரிக்கிறார்கள்.