பிரபுவைக் கொன்றது யார் என்பதில் மூன்று கட்சி

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வாழ்க்கையில் அடித்துச் சொல்லக்கூடிய விஷயம் ஒன்றே ஒன்றுதான்: பிரபுவைக் கொன்றது டாக்டர்.

பிரபு நிஜப் பிரபு இல்லை. இங்கிலாந்தில் எவரோ எழுதித் தமிழில் வந்த பழைய துப்பறியும் நாவல் ஒன்றில், முதல் அத்தியாயத்திலேயே செத்துக் கிடப்பவர். அந்த நாவலின் முடிவு தெரியாமல் போனதற்குக் கடைக்காரரின் மனைவிதான் காரணம். லெண்டிங் லைப்ரரிக்குக் கிழிந்த புத்தகங்களைத் தைத்து அட்டை போட்டுக் கொடுப்பது அவர் வேலை. கல்யாணமான புதிது, கவனம் எங்கேயோ இருந்திருக்கிறது. துப்பறிவாளர் எல்லோரையும் உட்காரவைத்து, "கொலையாளி இந்த அறையில்தான் இருக்கிறார்" என்கிறார். பக்கத்தைத் திருப்பினால் ரோஜாச் செடிக்கு எரு வைக்கும் முறை. தோட்டக்கலைப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை இதில் சேர்த்துத் தைத்துவிட்டார். இதன் முடிவோடு தைக்கப்பட்ட தோட்டக்கலைப் புத்தகத்தை யாரோ எடுத்துப் போய்த் திருப்பித் தரவே இல்லை.

அன்றிலிருந்து வீட்டில் மூன்று கட்சி. கடைக்காரர் டாக்டர் கட்சி. மனைவி, பிரபுவின் வீட்டைப் பார்த்துக்கொண்ட விதவைதான் செய்தாள் என்பார். மனைவியின் தம்பி பஸ் டிரைவர். அவருக்குப் பிரபுவின் அண்ணன் மகன் மேல்தான் சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து மல்லுக்கு நிற்பார்.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகும் மச்சினன் வந்தார். ஆனால் இறந்தவரைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேசத் தெரியாது. செத்த பிரபுவை விட்டால் மச்சினன் இந்தப் படியேற வேறு காரணம் கிடையாது என்று கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

அப்போது பார்த்து அந்த நாவல் பளபளவென்று மறுபதிப்பு வந்து தொலைத்தது. முன்னுரை எழுதியவர் அதை ஆகா ஓகோ என்று தூக்கிவைத்திருந்தார். கடைக்காரர் கடையைப் பாதி நாளில் சாத்திவிட்டுப் படித்தார்.

கொன்றது பிரபுவின் இரட்டைச் சகோதரன். ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்து திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தானாம். அப்படி ஒருவன் இருப்பதாக அதுவரை நூலாசிரியர் மூச்சு விடவில்லை. டாக்டர் ஊசி போட்டதோடு சரி. கடைக்காரர் புத்தகத்தை மேஜைமேல் விட்டெறிந்தார். இத்தனை வருஷம் மூன்று பேர் மண்டையை உடைத்துக்கொண்டது இதற்குத்தானா? ஆத்திரத்தைவிடப் பெரிதாக ஒரு பயம், வரப்போகும் ஞாயிற்றுக்கிழமை.

புத்தகத்தை ஒளித்துவைக்கலாம் என்று நினைத்தார். அந்தச் சாமர்த்தியமும் அவருக்கு இல்லை. டூட்டிக்குப் போகிற வழியில் வந்த மச்சினன் அதை மேஜைமேல் பார்த்துவிட்டார்.

"படிச்சுட்டீங்களா அத்தான்?"

"ம்."

"டாக்டரா?"

"இல்ல. நீ சொன்ன ஆளும் இல்ல, உங்க அக்கா சொன்ன ஆளும் இல்ல. யாரோ இரட்டைப் பிறவியாம். கடைசியில வந்து நிக்கிறான்."

மச்சினன் கடைசி அத்தியாயத்தை நின்றபடியே படித்தார். புத்தகத்தை மூடி வைத்தார். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். கடைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"அத்தான், எழுதினவனுக்கு ஒண்ணும் தெரியல" என்றார் மச்சினன், திரும்பிப் பார்க்காமல். "அவன் என்ன, ஒரு ஆறு மாசம் யோசிச்சிருப்பானா? எங்க அக்கா சாகிற வரைக்கும் யோசிச்சாளே. இனிமே நானும் அக்கா கட்சி. அடுத்த ஞாயிறு வர்றேன். அந்த விதவை அம்மா கொல்லலைன்னு முடிஞ்சா நிரூபிங்க, பார்ப்போம்."