மூன்று கழுத்துகளும் ஓர் அயடீன் குளிசையும்

இப்போதெல்லாம் நான் கழிப்பறைக்குப் போனால் இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும். வைத்தியசாலையில் தந்த தாளில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. இலங்கை மலையகத்தில் நோர்வூட்டுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கக்கூசுக்குப் பீலிக் குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்து வளர்ந்தவள் நான். அரை வாளியில் காரியத்தை முடிப்பவளைத்தான் அங்கே கெட்டிக்காரி என்பார்கள். இங்கிலாந்தில், நான் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கும் இந்த வீட்டில், இரண்டாம் முறை அந்தப் பிடியை அழுத்தும்போது யாரோ திட்டப்போகிறார்கள் என்று கை தயங்குகிறது. ஆனாலும் அழுத்துகிறேன். என் உடம்பிலிருந்து வெளியேறுவது கதிர்வீச்சு அயடீன்.

இங்கே முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறேன். போன வருடம் தேநீர்க் கோப்பையைப் பிடித்தால் கை ஆடியது. சும்மா உட்கார்ந்திருக்கையிலும் நெஞ்சு படபடத்தது, கழுத்து வீங்கியது. தைரொயிட் அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்றார் வைத்தியர். மாத்திரைக்கு அது அடங்காததால் அயடீன் கொடுக்க முடிவு செய்தார்கள். "இது குடும்பத்தில் வரக்கூடியது. பார்க்காமல் விட்டால் இதயத்தைக் கெடுக்கும். உங்கள் சகோதரிகளையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்" என்றும் சொல்லி அனுப்பினார்.

குளிசை விழுங்கும் நாளில் தாதி ஒருவர் படிவத்தோடு வந்து, வீட்டில் யார் யார் என்று கேட்டார். நானும் அம்மா, தங்கை, அண்ணன், மாசமாக இருக்கும் அண்ணி, அவர்களுடைய நான்கு வயது மகன் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. கர்ப்பிணியும் குழந்தையும் இருக்கும் வீட்டுக்கு இந்த மருந்தோடு அனுப்ப முடியாது என்று பேனாவை வைத்துவிட்டார். அவர்களெல்லாம் இலங்கையில் என்று விளங்கப்படுத்தியதும் பெருமூச்சு விட்டு, "அப்படியென்றால் உங்களோடு குடும்பத்தார் யாருமில்லை" என்று எழுதிக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. யாருமில்லாமல் நான் என்ன ஆகாயத்திலிருந்தா விழுந்தேன்? பிறகு ஈயக் குடுவையில் வந்த குளிசையை, கையால் தொடாமல், வாயில் கவிழ்த்து விழுங்கினேன். கொடுத்த ஆள் கதவோரம் போய் நின்றுகொண்டார்.

பதினான்கு நாட்களுக்கு யாருக்கும் பக்கத்தில் போகக்கூடாது. தட்டு தனி, துணி தனி. இதில் எனக்கு அனுபவம் இருக்கிறது. பெரிய மனுஷியானபோது லயத்துக் காம்பராவின் மூலையில், பழைய சேலையைத் திரையாகக் கட்டி என்னை உட்கார வைத்தார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை அது. ஆறு பேர் படுக்கும் இடத்தில் என்னை யாரும் தொட்டுவிடாமல் இருக்க அம்மா பட்ட பாடு கொஞ்சமில்லை. தகரத் தட்டைத் தரையில் வைத்துத் தள்ளிவிடுவார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "பேசாம இரு" என்பதுதான் பதில். இங்கே கேட்டால் ஒரு தாள் முழுக்கக் காரணம் தருகிறார்கள். வீட்டுக்காரி மார்கரெட் படியில் சூப்பை வைத்து, "ஹலோ" என்று கத்திவிட்டு ஓடுகிறார். அவ்வளவு ஓடத் தேவையில்லை, ஒரு நிமிடம் தூர நின்று பேசலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "கவலைப்படாதே, உனக்கு ஓய்வு வேண்டும், எனக்குப் புரிகிறது" என்று இன்னும் வேகமாக ஓடினார்.

அம்மாவின் கழுத்திலும் கழலை இருந்தது, இப்போதும் இருக்கிறது. கொழுந்தெடுக்கும்போதும் கோயிலுக்குப் போகும்போதும் ஒரு துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொள்வார். குளிருக்கு என்பார். நடு வெயிலிலும் அந்தக் குளிர் விடவில்லை. சாடையாகப் பேசுகிற வாய்களுக்குப் பயந்துதான் சுற்றினார் என்பது எனக்கு வெகு காலம் கழித்தே விளங்கியது. இப்போது தங்கை சுகந்தியின் முறை. தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில் அவளுக்கு வேலை. குழந்தையைத் தூக்கினால் கை நடுங்குகிறது என்று என்னிடம் அழுதாள். நுவரெலியா ஆசுபத்திரிக்குப் போகச் சொல்லித் தோட்டத்து வைத்தியர் எழுதிக்கொடுத்த கடிதத்தை அத்தை வாங்கி வைத்துக்கொண்டார். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அப்பா இறந்த பிறகு வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். கல்யாணம் முடிந்து பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

நான் குளிசை விழுங்கிய ஐந்தாம் நாள், உடப்புசல்லாவையிலிருந்து சுகந்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். இங்கே காலை, அங்கே பின்னேரம். வீடியோவில் நானும் இருக்க வேண்டும் என்று அத்தை முன்கூட்டியே கூப்பிட்டார்.

"கழுத்துல சால்வையப் போட்டுக்கிட்டு உக்காரு புள்ள. ஆசுபத்திரி கதையெல்லாம் எடுக்காத. ஒன்னாலதான் அவ வாழ்க்க கெட்டுச்சுன்னு ஆயிரக்கூடாது."

சால்வையை எடுத்துக் கழுத்தில் சுற்றினேன். கண்ணாடி முன்னால் நின்றேன். அசல் அம்மாவாகவே தெரிந்தேன். எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. சால்வையைக் கட்டிலில் எறிந்துவிட்டு, வீங்கிய கழுத்தோடு திரை முன்னால் உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "ஏம்மா, ஒங்க கழுத்துல என்னாங்க?"

"தைரொயிட் வருத்தங்க. அதுக்கு மருந்து எடுத்திருக்கேன். அதான் தனியா இருக்கேன்."

"ஒட்டுமாங்க?"

"ஒட்டாதுங்க. குடும்பத்துல வரலாம். வந்தா பாத்துச் சரிபண்ணலாம்."

அவர் பார்வை சுகந்தி பக்கம் திரும்பியது. "அப்ப இந்தப் புள்ளைக்கு?"

அதைச் சொல்ல வேண்டியவள் சுகந்தி. என் கழுத்தைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு உரிமை. அத்தை அவசரமாக, "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, டீயக் குடிங்க" என்றார். அப்போது சுகந்தி, கழுத்தை மூடிப் பின்பக்கமாகப் போட்டிருந்த துப்பட்டாவை எடுத்து மடியில் வைத்தாள்.

"எனக்கும் இருக்குங்க. கை நடுங்குது. நாளைக்கு நுவரெலியாவுக்குப் போய் ரத்தம் குடுக்கப் போறேன். அத்த, அந்தக் கடுதாசியத் தாங்க."

திரையில் அத்தையின் உள்ளங்கை மட்டும் தெரிந்து, இணைப்பு அறுந்தது. வந்தவர்கள் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிப் போனார்களாம். இன்றுவரை ஒரு பதிலும் இல்லை. அத்தை என்னோடு பேசுவதை விட்டுவிட்டார். இதை ஊருக்கே தெரிய எழுதுகிறாயே என்று கேட்கப்போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: ஆமாம், தெரியட்டும். கல்யாணம் நின்றால் நிற்கட்டும், இதயம் நிற்கக்கூடாது. லயத்திலும் இந்த ஊரின் மாடி அறைகளிலும் துண்டு சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்கள் எத்தனை பேரோ, அவர்களும் இதைப் படிக்கட்டும்.

நேற்று சுகந்தி படம் அனுப்பியிருந்தாள். முடிவு வந்துவிட்டது, மருந்து தொடங்கிவிட்டார்கள். அவளோடு போன அம்மாவையும் தாதி பிடித்து உட்காரவைத்து ரத்தம் எடுத்திருக்கிறார். ஆசுபத்திரி வாங்குப் பலகையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மாவின் கழுத்தில் துண்டில்லை. என் வயதுக்கு நான் அந்தக் கழுத்தை வெளியில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நாளை எனக்குத் தடை முடிகிறது. இனி யாரை வேண்டுமானாலும் கட்டிப்பிடிக்கலாம் என்று தொலைபேசியில் சிரித்தார் தாதி. மார்கரெட் கீழே கேக் செய்து வைத்திருக்கிறார், கையை விரித்துக்கொண்டு நிற்பார், நானும் போய்க் கட்டிக்கொள்வேன். நான் கட்டிக்கொள்ள வேண்டிய இரண்டு கழுத்துகளும் நோர்வூட்டில் இருக்கின்றன.