முதுகு காட்டிய வாத்துகள்

எங்கள் குடியிருப்பில் வருடக் கடைசி விடுமுறையில் ஒரு கலைநிகழ்ச்சி நடக்கும். கீழ்த்தளத்துப் பொது ஹால், பிளாஸ்டிக் நாற்காலிகள், தொட்டால் கீச்சிடும் ஒரு மைக், அவ்வளவுதான். எனக்கு அது உயிர். மேடையில் குழந்தைகளில் ஒன்று அழும், ஒன்று ஜட்டியை இழுத்து விட்டுக்கொள்ளும், ஒன்று ஆட்டத்தை விட்டுவிட்டு அப்பாவுக்கு டாட்டா காட்டும். சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிடும். என் இரண்டு வாண்டுகளையும் இழுத்துக்கொண்டு முதல் ஆளாய்ப் போய் இடம் பிடிப்பேன். இப்போது அந்த ஹால் பக்கம் போனாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எல்லாம் ரயிலக்காவுக்கு நடந்த அநியாயத்தால்தான்.

ரயிலக்கா எங்கள் குழந்தைகள் காப்பகத்தின் ஆயா. பிள்ளைகளை ஒன்றின் சட்டையை ஒன்று பிடிக்க வைத்து, 'கூ' என்று கத்திக்கொண்டே கழிப்பறைக்கும் சாப்பாட்டுக்கும் ஓட்டிப் போவாள். அதில் வந்த பெயர். அவளுக்கு ஆறு வயதில் ஒரு பெண். எப்போதும் வரிசையின் வாலில் தொங்கிக்கொண்டே வரும் என்பதால் அது கடைசிப்பெட்டி. புருஷன் லாரி ஓட்டினான். லோடு ஏற்றிக்கொண்டு போன ஊரிலேயே இன்னொரு குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டான், படுபாவி. அதற்கப்புறம் தையல் கம்பெனியில் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனியை மூடினார்கள். இங்கே வந்தாள். வேலையோடு ஜெனரேட்டர் பக்கத்து அறையும் கொடுத்தார்கள். வேலை போனால் அறையும் போகும். அது அவளுக்கும் தெரியும், எங்கள் எல்லோருக்கும் தெரியும், விழாக்குழுத் தலைவிக்கு ரொம்ப நன்றாகவே தெரியும்.

மூன்று நான்கு வயசுப் பிள்ளைகள் மேடையில் எப்படி ஆடுகின்றன என்று நினைக்கிறீர்கள்? மனப்பாடமா? மண்ணாங்கட்டி. மேடைக்குக் கீழே, பார்வையாளர்களுக்கு முதுகு காட்டிக் குந்தி உட்கார்ந்துகொண்டு ரயிலக்கா ஆடுவாள். அவள் கையைத் தூக்கினால் அதுகளும் தூக்கும். அவள் தும்மினால் அதுகளும் தும்மும். ஒரு வருடம் அவள் கொசு அடித்தாள், மேடை முழுக்கக் கொசு அடித்தது.

இந்த வருடம் வாத்து நடனம். ஒத்திகையில் தலைவி வந்து கறாராகச் சொல்லிவிட்டாள்.

"போன வருஷ வீடியோ பூரா உன் கொண்டைதான் தெரியுது. எல்லாரும் என்னைத்தான் கேக்கறாங்க. இந்தத் தடவை நீ திரைக்குப் பின்னாடி நில்லு. ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா, வேற ஆளைப் பாத்துக்குவோம்."

"அதுங்க என்னைப் பாத்துத்தான் ஆடும் மேடம்."

"அப்ப இத்தனை நாள் என்ன சொல்லிக் குடுத்த?"

ரயிலக்கா பிள்ளைகளை மறுபடி வரிசையில் நிறுத்தினாள். அன்றைக்கே ஒரு வாத்துக்குக் காய்ச்சல் வந்து, ஒரு மஞ்சள் உடை மிஞ்சியது. நான் என் மகனை அழைத்துப்போக நின்றுகொண்டிருந்தேன், என் காதாலேயே கேட்டேன். முதல் தடவையாக அவள் ஒன்று கேட்டாள்.

"மேடம், எம்பொண்ணுக்கு ஆட்டம் முழுசாத் தெரியும். ஒரே ஒரு தடவை..."

"சரி, கடைசி வரிசையில நிக்கட்டும். வீடியோவுல விழக் கூடாது."

அதற்கே ரயிலக்கா முகம் மலர்ந்து போனது. ராத்திரியோடு ராத்திரியாக உடையைத் தன் மகள் அளவுக்குப் பிரித்துத் தைத்தாள்.

விழாவன்று பெரியவளை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சின்னவன் மேடையில். பன்னிரண்டு மஞ்சள் வாத்துகள் வந்து நின்றன. பாட்டு ஆரம்பித்தது. எல்லாம் குனிந்து மேடைக்குக் கீழே பார்த்தன. அங்கே ஆள் இல்லை. பேயறைந்த மாதிரி நின்றன. ஒன்று விரல் சப்பியது. என் மகன் மூக்கைக் குடைந்தான். ஒன்று உதட்டைப் பிதுக்கி, இதோ அழப் போகிறது.

அப்போது பின்னாலிருந்து, "குவா! குவா!"

கடைசிப்பெட்டிதான். இரண்டு கையையும் இடுப்பில் மடித்து, பின்பக்கத்தை ஆட்டி ஆட்டி, தாளம் ஒரு இம்மி பிசகாமல் ஆடிக்கொண்டிருந்தது. பதினொரு வாத்துகளும் சட்டென்று திரும்பின. அதைப் பார்த்து ஆடத் தொடங்கின. என்ன அருமையாக ஆடின என்கிறீர்கள்! உட்கார்ந்தன, எழுந்தன, சுற்றின. என்ன, எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பதினொரு முதுகும் பதினொரு வாலும்தான். நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். என் மகள் மடியில் நிற்காமல் குதித்தாள். அந்த வருடத்தின் மிக நல்ல நிமிடம் அது.

அதுவும் பொறுக்கவில்லை இந்த ஜனங்களுக்கு.

"என் புள்ள மூஞ்சியே தெரியலையே!" என்றாள் ஒரு அம்மா, செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி.

"டேய், இந்தப் பக்கம் திரும்புடா!" என்று ஒரு அப்பா கத்தினார்.

தலைவி மேடையேறிப் பாட்டை நிறுத்தச் சொன்னாள். மைக்கிலேயே கேட்டாள்: "யாரு இந்தப் பொண்ணை இதுல விட்டது?"

விட்டதே அவள்தான்! வாய் கூசவில்லை. "நீங்கதானே விட்டீங்க!" என்று நான் கத்தினேன். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து அமுக்கினார். சுற்றி இருந்த சத்தத்தில் யார் காதிலும் அது விழவில்லை.

ரயிலக்கா திரைக்குப் பின்னாலிருந்து வந்தாள். மகள் அவளிடம் ஓடியது. முகமெல்லாம் பல்.

"அம்மா, எல்லாரையும் நானே ஆட வெச்சுட்டேன், பாத்தியா!"

ரயிலக்கா ஒரு கணம் மகளைப் பார்த்தாள். ஒரு கணம் தலைவியைப் பார்த்தாள். பளார் என்று ஒரு அறை. மகளைத்தான்.

கடைசிப்பெட்டி அழக்கூட இல்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, என்ன தப்பு செய்தோம் என்று அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றது.

"ஐயோ, குழந்தையை எதுக்கு அடிக்கற?" என்று கேட்டாள் தலைவி. அந்தக் கேள்வியைக் கேட்க அவளுக்கு எப்படி மனசு வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. "சரி விடு. அவளை உள்ள அனுப்பு. முதல்லேருந்து ஆடட்டும். நீ கீழயே உக்காரு, கொண்டை தெரியாம நல்லாக் குனிஞ்சுக்கோ."

கடைசிப்பெட்டியைத் திரைக்குப் பின்னால் அனுப்பினார்கள். ரயிலக்கா என் காலடிக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள். மறுபடி பாட்டு. அவள் சிறகடித்தாள், பதினொரு வாத்துகளும் எங்கள் பக்கம் முகம் காட்டிச் சிறகடித்தன. செல்போன்கள் எல்லாம் மேலே எழும்பின.

நடுவில் அவளால் முடியவில்லை. இடது புறங்கையால் ஒரு கண்ணைத் துடைத்தாள். வலது புறங்கையால் இன்னொரு கண்ணை. மூக்கை உறிஞ்சினாள்.

மேடையில் பதினொரு வாத்துகளும் இடது கண்ணைத் துடைத்தன. வலது கண்ணைத் துடைத்தன. மூக்கை உறிஞ்சின.

ஹால் கைதட்டி ஆர்ப்பரித்தது. "அச்சச்சோ, என்ன அழகு!" என்றாள் முன்பு முகம் தெரியவில்லை என்று கத்திய அதே அம்மா. ஆட்டம் முடிந்ததும் தலைவி குனிந்து ரயிலக்காவின் தோளில் தட்டினாள்.

"அந்தக் கண்ணு துடைக்கிற இடம் ரொம்ப நல்லாயிருந்துச்சு. அடுத்த வருஷமும் அதை வெச்சுக்கோ."

"சரிங்க மேடம்" என்றாள் ரயிலக்கா.