ஸ்கூட்டர் மீட்டரும் சென்னை விமானமும்

புனேயில் இருக்கும் நானும் என் கணவரும் என் தங்கை மகள் கல்யாணத்துக்காகச் சென்னைக்கு விமானம் ஏறினோம். ஓடுபாதையில் வேகமெடுத்த விமானம், மேலே எழும்பப் போகும் நேரத்தில் பிரேக் போட்டு நின்றது. பெல்ட் வயிற்றை அறுத்தது.

வேகம் காட்டும் கருவி ஒன்று சரியாக வேலை செய்யாததால் நிறுத்தினேன் என்று விமானி மைக்கில் சொன்னார். என் கணவருக்கு வந்ததே கோபம்.

"இதுக்கா நிறுத்தினாரு? நம்ம ஸ்கூட்டர்ல மீட்டர் முள்ளு அசைஞ்சு எத்தனை வருஷம் ஆச்சு. நான் தினம் கேம்ப் பஜார் வரைக்கும் போயிட்டு வரலையா?"

அதையே பக்கத்து சீட் மராத்திக்காரரிடம் இந்தியில் சொன்னார். அவரும் தன் வண்டியில் மீட்டர் ஓடாது என்று பெருமையாகத் தலையாட்டினார். அந்தத் தெம்பில் என் கணவர் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, முகூர்த்தத்துக்குப் போகணும், அப்படியே கிளப்பச் சொல்லுங்கள் என்றார்.

"மேலே போன பிறகு ஓரமாக நிறுத்த முடியாதே, சார்" என்றாள் அந்தப் பெண்.

வேறு விமானத்தில் போய் முகூர்த்தத்துக்குச் சேர்ந்துவிட்டோம். மண்டபத்திலும் பார்த்தவர்களிடமெல்லாம் விமானியைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பியதும், மீட்டரைச் சரிசெய்யும்வரை ஸ்கூட்டரில் ஏறமாட்டேன் என்று பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியை மெக்கானிக்கிடம் விட்டார். இப்போது முள் நன்றாக ஓடுகிறது. அவர்தான் அதைப் பார்ப்பதில்லை. அதனால் பின்சீட்டிலிருந்து நான் எட்டிப் பார்க்கிறேன். ஐம்பதைத் தாண்டினால் தோளில் ஓங்கித் தட்டுகிறேன். திட்டிக்கொண்டே நிறுத்துகிறார். எங்களுக்கு ஓரம் என்று ஒன்று இருக்கிறதே.